நூறு வயதுக் கட்டடத்துக்குள் ஆபீஸ் போடப் போகிறீர்களா?

சென்னை சேப்பாக்கத்தில், எழிலகம் வளாகத்துக்குள், கலச மஹால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. 1768-இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பாதி அது. இன்னொரு பாதி ஹுமாயூன் மஹால். நவாப் பட்டம் போன பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்து, காலங்காலமாக அரசு அலுவலகங்கள் அதற்குள் இயங்கின. 2012 ஜனவரியில் ஓர் இரவு பிடித்த தீயில் கூரை விழுந்தது, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அப்புறம் பொதுப்பணித் துறை அதைப் பழைய சுண்ணாம்பு முறையிலேயே செப்பனிட்டு எடுத்தது. இன்று அங்கே உட்கார்ந்திருப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. மாசு வழக்குகளை விசாரிக்கிற இடம், இடித்துத் தள்ளாமல் மீட்டெடுத்த கட்டடத்துக்குள் நடக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த பொருத்தம்.

சரி, நவாப் அரண்மனை எல்லாம் நமக்கு எதற்கு? ஜார்ஜ் டவுனிலோ, மயிலாப்பூரிலோ, புதுச்சேரியின் பழைய தெருக்களிலோ, உங்கள் ஊர் கடைத்தெருவிலோ, தேக்கு உத்தரமும் இரண்டடிச் சுவருமாக ஒரு பழைய கட்டடம் வாடகைக்கு வரும். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனம் அதை எடுக்கும். அடுத்த வாரமே இன்டீரியர் ஆள் வந்து ஃபால்ஸ் சீலிங், பிளைவுட், ஸ்பிளிட் ஏசி, சுவர் முழுக்க பளபள பெயின்ட் என்று ஒரு கொட்டேஷன் போடுவார். இந்தக் கட்டுரை அந்தக் கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டியது.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். கட்டடம் வேறு, ஃபிட்-அவுட் வேறு. சுவர், கூரை, தூண், தரை இவை கட்டடம். அதற்குள் நாம் கொண்டுவந்து வைக்கிற தடுப்பு, மேசை, வயரிங், ஏசி, விளக்கு, பெயின்ட், கழிவறைச் சாமான் எல்லாம் ஃபிட்-அவுட். கட்டடத்தின் வயது நூறு, இருநூறு. ஃபிட்-அவுட்டின் வயது ஒரு வாடகை ஒப்பந்தத்தின் வயது, அதாவது ஐந்து வருடம், மிஞ்சினால் பத்து. இந்த இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு வேகத்தில் ஓடுகின்றன என்பதை மறந்துவிட்டு, ஐந்து வருடச் சாமானை நூறு வருடச் சுவரில் ஆணியடித்து, பசை போட்டு ஒட்டி, சிமென்ட் வைத்துப் பூசும்போதுதான் எல்லாத் தொல்லையும் ஆரம்பிக்கிறது.

சுற்றுச்சூழல் கணக்கும் இதிலேயே அடங்கியிருக்கிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து மட்டும் வருகிறது. பழைய கட்டடத்துக்கு அந்தச் செலவு எப்போதோ ஆகி முடிந்துவிட்டது, செங்கல் சுட்ட விறகு எரிந்து நூறு வருடமாயிற்று. அதை இடிக்காமல் பயன்படுத்துவதே பாதி வேலை. ஆனால் மீதிப் பாதியில் நாம் தோற்கிறோம்: ஒவ்வொரு வாடகைதாரரும் முந்தையவர் போட்ட பிளைவுட்டையும் ஜிப்சம் பலகையையும் லாரி லாரியாகக் குப்பையில் கொட்டிவிட்டு அதே பிளைவுட்டையும் ஜிப்சத்தையும் புதிதாகப் போடுகிறார். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு அதற்குள் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஒரு குப்பைமேட்டை உருவாக்கினால், ‘பசுமை’ என்று போர்டு மாட்டிக்கொள்ள வெட்கப்பட வேண்டும்.

சுவர் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது?

பழைய கட்டடத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் சுவரிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தப் பகுதி கொஞ்சம் நீளும்.

இன்றைய சுவர் தண்ணீரைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறது. அடியில் ஈரத்தடுப்புப் படலம், வெளியே சிமென்ட் பூச்சு, அதன்மேல் பிளாஸ்டிக் கலந்த பெயின்ட். பழைய சுண்ணாம்புச் சுவரின் வழி வேறு. அது ஈரத்தை உள்ளே விடும், பிறகு வெளியேயும் விடும். தரையிலிருந்து ஓதம் ஏறும், மழையில் நனையும், வெயிலில் காய்ந்துவிடும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மேலே அடித்த வெள்ளையும் எல்லாமே நுண்துளைகள் உள்ளவை என்பதால் இந்தப் போக்குவரத்து தடையில்லாமல் நடக்கிறது. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தார்களே, அது அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். காரத்தன்மை உள்ள சுண்ணாம்பில் பூஞ்சணம் எளிதில் வளராது, சுவர் மூச்சு விடுவதும் நிற்காது.

இந்தச் சுண்ணாம்பு எப்படி உண்டாகிறது என்றும் தெரிந்துகொள்ளலாம். சுண்ணாம்புக் கல்லையோ கடற்சிப்பியையோ சுமார் 900 டிகிரியில் சுடுகிறார்கள். சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும். சுட்டதைத் தண்ணீரில் நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் கலந்து காரையாக்குவார்கள். சுவரில் ஏறிய பிறகு அது காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. சூளையில் வெளியே விட்டதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். அந்தக் காலத்து மெட்ராஸின் வழவழப்பான சுவர்களும் தூண்களும் வெளியூர்க்காரர்களைப் பளிங்கோ என்று திகைக்கவைத்ததுண்டு. சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது அது.

இப்போது கொட்டேஷனுக்கு வருவோம். சுவரில் கீழே மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து கிடக்கிறது, வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மேஸ்திரி பார்த்துவிட்டு ‘எல்லாத்தையும் கொத்திட்டு சிமென்ட் பூசிடலாம் சார்’ என்பார். பூசுவார்கள். ஒரு வருடம் நன்றாக இருக்கும். ஈரம் எங்கும் போகவில்லை. மூன்றடியில் வெளியேறிக்கொண்டிருந்தது இப்போது வழி அடைபட்டு ஐந்தடிக்கு ஏறும், சிமென்ட்டுக்குப் பின்னால் செங்கல் மாவாகும், ஒருநாள் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். கடற்கரை ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இதற்கு மருந்து சுவரில் இல்லை, பெரும்பாலும் வெளியே இருக்கிறது: அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டி உயர்த்திப் போட்ட சிமென்ட் தரை, சாலை உயர்ந்துகொண்டே போனதால் பள்ளத்தில் மாட்டிக்கொண்ட அடித்தளம், சுவரில் சாய்ந்து வளரும் அரசங்கன்று. முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டு, பிறகு சுண்ணாம்பிலேயே பூசி, ஒரு பருவம் காய விட்டால் பணமும் மிச்சம்.

ஏசி போட்டால் கதை இன்னொரு திசையில் திரும்புகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கிற ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியுமோ அதைப் பனிநிலை என்பார்கள். சென்னைக் கோடையில் அது 24, 25 டிகிரி வரை வந்துவிடும். நீங்கள் அறையை 18 டிகிரியில் வைத்தால், சுவரின் உட்பரப்பு அந்த டம்ளராக மாறுகிறது. வெளியிலிருந்து ஈரக்காற்று சுவர் வழியாகவும் ஜன்னல் இடுக்கு வழியாகவும் குளிர்ந்த உள்பக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே நீங்கள் வினைல் வால்பேப்பரோ கெட்டியான எண்ணெய் பெயின்ட்டோ போட்டு வைத்திருந்தால் ஈரம் அதன் முதுகில் வந்து மாட்டிக்கொள்ளும். வெளிப்பார்வைக்குப் பூப்போட்ட காகிதம், பின்னால் கறுப்புப் பூஞ்சணம். ‘ஆபீஸுக்குள் நுழைந்தாலே தும்மல் வருகிறது’ என்று யாராவது சொன்னால், அவர் வேலைக்கு வரச் சோம்பேறித்தனப்படுகிறார் என்று முடிவுகட்டும் முன் வால்பேப்பரின் ஒரு மூலையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள்.

அதனால் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அல்லது மூச்சு விடக்கூடிய சிலிகேட் வகைப் பெயின்ட். ஏசி 24-க்குக் கீழே போகவே வேண்டாம். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விற்கிற நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் எல்லாமே தொடக்க அமைப்பாக 24 டிகிரியில்தான் வர வேண்டும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதும் அவர்கள் கணக்குத்தான். மின்கட்டணத்துக்காகச் சொன்ன அந்த 24, பழைய சுவருக்கும் சரியான எண்ணாக வந்து அமைந்திருக்கிறது.

காற்று: ஒரு சின்னக் கணக்கு

நம் ஊரில் அதிகம் பேர் அறியாத ஒரு விஷயம்: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற அதே காற்றைத்தான் உறிஞ்சி, குளிரவைத்து, திருப்பி விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தை மட்டும் வெளியேற்றுகிறது. ஆக, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு ஏசி போட்டால் நீங்கள் விட்ட மூச்சை நீங்களே குளிர்ச்சியாகத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப் போடுவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடியில், எட்டடி உயரத்தில் ஒரு கண்ணாடி மீட்டிங் ரூம். கொள்ளளவு 960 கன அடி, ஏறக்குறைய 27,000 லிட்டர் காற்று. உட்கார்ந்து பேசுகிற, வயது வந்த ஒருவர் மணிக்கு 18 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயு வெளியிடுவார். நான்கு பேர் என்றால் 72 லிட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு இருக்கும் அந்த வாயு, இந்த அறை காற்றுப் புகாமல் மூடியிருந்தால், கால் மணி நேரத்துக்குள்ளேயே ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஆயிரத்தைத் தாண்டினால் விஷம் என்று அர்த்தமில்லை. வெளிக்காற்று போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். தலை கனம், கொட்டாவி, ‘மத்தியானம் சாப்பிட்டதால் தூக்கம் வருகிறது’ என்று நாம் சாதத்தின் மேல் போடும் பழி எல்லாம் அதையொட்டி வருகின்றன. ஒருவருக்குச் சளி இருந்தால் நான்கு பேருக்கும் வருவது அதே கணக்கின் இன்னொரு வரி.

இப்போது அதே நான்கு பேரை, அந்தப் பழைய கட்டடத்தின் கூடத்தில், முப்பதுக்கு இருபது அடியில், பதினாறு அடி உயரத்தில் உட்காரவையுங்கள். கொள்ளளவு பத்து மடங்கு. முழுக்க மூடி வைத்தாலும் ஆயிரத்தைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேலே வென்டிலேட்டர் திறந்திருந்தால் தொடவே தொடாது. சூடான காற்று மேலே ஏறி அந்த ஓட்டை வழியாக வெளியேற, கீழே ஜன்னல் வழியாகப் புதுக்காற்று வருவதற்கென்றே அந்த உயரத்தையும் அந்த வென்டிலேட்டரையும் வைத்தார்கள். நாமோ முதல் வேலையாக வென்டிலேட்டரைத் தெர்மாகோல் வைத்து அடைத்துவிட்டு, பத்தடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, பிறகு ‘காற்றுச் சுத்திகரிப்பான்’ வாங்குகிறோம்.

அதற்காக ஏசியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சென்னையில் மே மாதம் இரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. தடித்த சுவர் பகல் வெப்பத்தைத் தாங்கி இரவில் ஆறும் என்கிற கதை, இரவு நன்றாகக் குளிர்கிற வறண்ட ஊர்களில் பலிக்கிற அளவு இங்கே பலிக்காது. பழைய கட்டடம் என்றாலே ஜில்லென்று இருக்கும் என்பதெல்லாம் டிசம்பரில் போய்ப் பார்த்தவர்கள் சொல்வது. நடுத்தர வழி இப்படி: பெரிய கூடத்தை மின்விசிறியில் விடுங்கள். உயரத்திலிருந்து நீளக் கம்பியில் இறக்கி, தரையிலிருந்து எட்டு, பத்தடி உயரத்துக்குள் சுற்றும்படி. மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் வகை விசிறி 30 வாட் அளவில் ஓடிவிடும், பழைய வகைக்கு 75 வாட். மதியம் கடற்காற்று வருகிற ஊராக இருந்தால் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், எல்லோருக்கும் பொதுவான ஜன்னலை யாரும் திறக்க மாட்டார்கள். போனில் பேச, கூட்டம் போட, கணினிச் சர்வர் வைக்க மட்டும் தனியாக நிற்கும் பெட்டி அறைகள். தனக்கென்று சுவரும் தனக்கென்று கூரையும் உள்ள, பழைய சுவரையோ உத்தரத்தையோ தொடாத பெட்டி. குளிர்விக்க வேண்டிய காற்றும் குறையும், வாடகை முடிந்தால் கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். ஒரே நிபந்தனை, அந்தப் பெட்டிக்குள் வெளிக்காற்றைத் தள்ளும் ஒரு சின்ன விசிறியும் வடிகட்டியும் கட்டாயம். இல்லாவிட்டால் மேலே போட்ட கால் மணி நேரக் கணக்குதான்.

தெருவில் வண்டிப் புகை மண்டினால் ஜன்னலைத் திறப்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். நுண்துகள் பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், இந்திய வரம்பு 40. தெருப்பக்க ஜன்னலை மூடிவிட்டு முற்றத்துப் பக்கம் காற்று எடுப்பது என்பது பழைய வீடுகள் நமக்குத் தரும் வசதி. முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடாமல் இருந்தால்.

அந்தப் ‘புது ஆபீஸ் வாசனை’

புது பிளைவுட், புது பெயின்ட், புது கார்ப்பெட் மூன்றும் சேர்ந்து ஒரு வாசனை வருமே, பலருக்கு அது பெருமையான வாசனை. உண்மையில் அது பசையிலிருந்தும் கரைப்பானிலிருந்தும் ஆவியாகி வரும் வேதிப்பொருள்கள். பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இவற்றை ஒட்டும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். வெப்பமும் ஈரமும் கூடக் கூட அது அதிகம் கசியும், நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வாங்கும்போது, அது குறைவாகக் கசியும் ஈ-0 அல்லது ஈ-1 தரம் என்று கேளுங்கள், அறுத்த ஓரங்களை மூடச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பழைய தேக்கு மேசை, பழைய ஸ்டீல் பீரோ, கைமாறி வரும் நாற்காலி. அவற்றிலிருந்து ஆவியாக வேண்டியது எல்லாம் எப்போதோ ஆவியாகிவிட்டது, விலையும் குறைவு. ஆசாரி ஒருவரை ஒரு வாரம் கூலிக்கு வைத்து அவற்றைச் சரிசெய்வது புதிதாக வாங்குவதைவிட நல்ல செலவு என்பது என் கட்சி.

பழைய கட்டடத்தில் மட்டும் வரும் ஆபத்துகள் வேறு. கதவு ஜன்னலில் படிந்திருக்கும் பழைய எண்ணெய் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு என்கிற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே எழுபது வருடப் பெயின்ட்டை மிஷின் வைத்து உலர்ந்தபடி தேய்க்காதீர்கள், தூசி முழுக்க விஷம். நனைத்துச் சுரண்டி, தூசியைச் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும், வேலை செய்பவருக்குச் சரியான முகமூடி வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாது. பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்காமல், துளையிடாமல் முழுதாக இறக்க வேண்டும். பரணிலும் வென்டிலேட்டரிலும் இருக்கும் புறா எச்சத்தை உலர்வாகப் பெருக்கினால் நுரையீரலுக்குக் கேடு, தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளச் சொல்லுங்கள்.

தலைக்கு மேலே

மெட்ராஸ் டெரஸ் என்பது நம் ஊரின் பெருமை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன்மேல் கட்டைகள், கட்டைகளின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைக் குறுக்குவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கீழேயிருந்து பார்த்தால் அந்த மரமும் செங்கலும் தெரிவதே அழகு. அழகை விடுங்கள், தெரிவதே பாதுகாப்பு. கரையான் மண்கோடு ஏறுவது, சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனை ஈரத்தில் உளுத்துப்போவது, மழைக்குப் பின் ஒரு கறை பெரிதாவது, இவை எல்லாம் கண்ணில் பட்டால்தான் சரிசெய்ய முடியும். ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டால் கூரை தன் நோயைச் சொல்ல வழியே இல்லை. அந்த மறைவு இடைவெளிக்குள்தான் வயர்களும் ஓடும், எலியும் ஓடும். காய்ந்த தேக்கு, தூசி, எலி கடித்த வயர். கலச மஹாலின் கூரை விழுந்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

வயரிங் எல்லாம் வெளியே தெரியும் உலோகத் தட்டில் தொங்கட்டும். பழைய மரப்பட்டி வயரிங்கில் நான்கு ஏசியை மாட்டாதீர்கள். லோடு கணக்குப் போட்டு, லோடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் புது எம்.சி.பி., மின்கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இரண்டும் போட்ட பிறகே அடுத்த வேலை. கோப்பு அலமாரி, யூ.பி.எஸ். பேட்டரி, தண்ணீர்த் தொட்டி போன்ற கனமான எதையும் மாடியில் வைக்கும் முன் கட்டுமானப் பொறியாளரைக் கேளுங்கள். காகிதம் எவ்வளவு கனம் என்று வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும்.

ஃபால்ஸ் சீலிங் போடாவிட்டால் எதிரொலிக்குமே என்பார்கள். உண்மைதான், உயரமான காலிக் கூடத்தில் ஒருவர் போன் பேசினால் ஊரே கேட்கும். கட்டைகளுக்கு இடையில் கனத்த துணிப் பலகைகளைத் தொங்கவிடலாம், தேங்காய் நாரில் செய்த பலகைகளைத் தடுப்புகளில் பொருத்தலாம், புத்தக அலமாரியை நடுவில் நிறுத்தலாம். எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

ஒட்டாமல், துளையிடாமல் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், தவிர்க்கவே முடியாமல் துளை போட வேண்டி வந்தால் செங்கல்லில் போடாமல் இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள காரையில் போடுங்கள். காரையை மறுபடி நிரப்பிவிடலாம், நூறு வருடச் செங்கல்லுக்கு மாற்று கிடைக்காது. தரைக்கும் இதே நியாயம். சிவப்பு ஆக்சைடோ கடப்பைக் கல்லோ ஆத்தங்குடிக் கல்லோ இருந்தால் அதன்மேல் விட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டுவது பாவம், துடைத்து மெருகேற்றினாலே போதும். கார்ப்பெட் நம் ஈரத்துக்கு ஒத்துவராது. கழிவறையைப் பழைய சுவருக்குள் குழாய் புதைத்துக் கட்டாதீர்கள், முடிந்தால் பின்பக்கம் தனியாக.

வெளிச்சத்துக்கு ஒரு விரல்கணக்கு போதும்: ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரத்துக்குப் பகல் வெளிச்சம் உள்ளே வரும். பத்தடி உயர ஜன்னல் என்றால் இருபதடி தாண்டியும் விளக்கில்லாமல் வேலை செய்யலாம். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள், திரையில் கண்கூசாது.

நியூயார்க்கில் ஒரு ஐந்தாவது மாடி

இதெல்லாம் ஏழைக்கேற்ற எள்ளுருண்டை, பெரிய கம்பெனிகள் எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நினைத்தால், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பாருங்கள். 1931-இல் திறந்த 102 மாடிக் கட்டடம். 2009 வாக்கில் தொடங்கிய சீரமைப்பில் 6,514 ஜன்னல்களைத் தூக்கி எறிந்து புதிது மாட்டுவதே சுலபமான வழியாக இருந்திருக்கும். அவர்கள் கட்டடத்துக்குள்ளேயே, ஐந்தாவது மாடியில், ஒரு சின்னப் பட்டறை போட்டார்கள். ஜன்னல்களைக் கழற்றி, கண்ணாடியைச் சுத்தம் செய்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலத்தையும் வாயுவையும் அடைத்து, அதே ஜன்னலைத் திரும்ப மாட்டினார்கள். பழைய பொருளில் 96 சதவீதம் மறுபடி பயன்பட்டது. சுவரோரச் சூடேற்றிகளுக்குப் பின்னால் காப்புத்தகடு, புதுப்பித்த குளிரூட்டும் எந்திரம் என்று மற்ற வேலைகளும் சேர்ந்து ஆற்றல் செலவை 38 சதவீதம் குறைக்கத் திட்டமிட்டார்கள். அவர்களுக்குக் குளிர்காலத்தில் வெப்பம் வெளியே போகாமல் இருக்க வேண்டும், நமக்கு ஈரம் உள்ளே தங்காமல் இருக்க வேண்டும், ஆக அவர்கள் ஜன்னலை அப்படியே காப்பியடித்துப் பயனில்லை. பழையதைக் கழற்றி, துடைத்து, கொஞ்சம் கூட்டி, திரும்ப மாட்டுகிற அந்தப் பட்டறை புத்தியைத்தான் கடன் வாங்க வேண்டும். நம் ஊர்ப் பழைய மரச் சட்டர் ஜன்னல்களின் சாய்தகடுகளைச் சரிசெய்ய ஓர் ஆசாரியும் ஒரு மூலையும் போதும்.

சான்றிதழ் வேண்டுமென்றால் இந்தியப் பசுமைக் கட்டடக் குழுமத்தின் (ஐ.ஜி.பி.சி.) கிரீன் இன்டீரியர்ஸ், அமெரிக்க லீட், உடல்நலத்தை மையமாகக் கொண்ட வெல் எல்லாம் இருக்கின்றன. சின்ன ஆபீஸுக்கு அந்தச் செலவு தேவையா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அந்தப் பணத்தில் ஒரு கரியமில வாயு மானியும் இரண்டு ஈரப்பத மானியும் வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு மீதியைச் சுண்ணாம்புக் கொத்தனாருக்குக் கொடுப்பேன். அனுமதி விஷயம் மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. சென்னையில் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) வழியாகப் போக வேண்டும். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னம் ஒன்றிலிருந்து 100 மீட்டருக்குள் என்றால் புதிதாகக் கட்டவே தடை, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம், பழுதுபார்ப்பதற்கும் கேட்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் முடிந்தால் ஒரு மழைக்காலம் அந்தக் கட்டடத்தோடு இருந்து பாருங்கள். குறைந்தது ஒரு பெருமழை நாளில் போய், டார்ச் அடித்து, எங்கே சொட்டுகிறது, எந்த மூலை மறுநாளும் ஈரமாக இருக்கிறது, எந்த ஜன்னலில் காற்று வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு அதே நோட்டில் எந்த வயர் எங்கே போகிறது, பூச்சுக்குச் சுண்ணாம்பும் மணலும் என்ன விகிதம், கடுக்காய் எத்தனை நாள் ஊறியது, எந்த உத்தரத்தில் கரையான் மருந்து எந்த மாதம் அடித்தது, கொத்தனார் எந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலி செய்யும்போது சாவியோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடலாம்.